கால் மைலில் தொலையும் வினாடி

அமெரிக்காவில் 1960-களின் நடுவில் பெயர் பெற்ற ‘மசில் கார்’ என்னும் வகை, நடுத்தர அளவுள்ள குடும்பக் காரின் உடலுக்குள் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தி, எளிய விலையில் மிகுந்த வேகத்தைத் தருவதற்காக உருவானது. 1964-ஆம் ஆண்டு மாடலாக பாண்டியாக் வெளியிட்ட 389 கன அங்குல எஞ்சின் கொண்ட ஜி.டி.ஓ. இதற்கு வழிகாட்ட, ஃபோர்டு, கிரைஸ்லர், ஷெவ்ரோலே ஆகியவையும் விரைவில் அதே வழியில் இறங்கின. இக்கார்களின் திறனை உரசிப் பார்த்த இடம், வளைவுகள் நிறைந்த பந்தயச் சுற்று அன்று. 1,320 அடி, அதாவது கால் மைல் தூரம் நேராக நீளும் ‘டிராக் ஸ்டிரிப்’ என்னும் ஓடுதளமே ஆகும். கலிஃபோர்னியாவின் சாண்டா ஆனாவில் 1950-இல் விமான ஓடுபாதை ஒன்றில் தொடங்கிய பந்தயங்களும், 1951-இல் வாலி பார்க்ஸ் நிறுவிய தேசிய ஹாட் ராட் சங்கமும் தெருவில் நடந்த போட்டியை ஒழுங்குக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு ஓட்டத்தையும் கருவியால் அளக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தின.

அரை நூற்றாண்டைக் கடந்துவிட்ட இக்கார்களைப் பிரித்து, சரிசெய்து, பளபளப்பாக வண்ணம் பூசி ஓடுதளத்துக்குக் கொண்டுவரும் உரிமையாளர்களில் பலர், எஞ்சினின் உறுமலுக்கும் ஓடிய நேரத்துக்கும் பொருத்தமே இல்லாததைக் கண்டு திகைக்கின்றனர். பெரிய கார்புரேட்டரையும், வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் கேம்ஷாஃப்டையும் வாங்கி மாட்டிவிட்டால் குறை தீரும் என்ற எண்ணமே பெரும்பாலும் அடுத்து எழுகிறது. இது பணத்தை வீணாக்குவதோடு நில்லாமல், பழைய பழுதின் மேல் புதிய பொருத்தமின்மையையும் ஏற்றி, மூல காரணத்தைக் கண்டறிவதை இன்னும் கடினமாக்கிவிடுகிறது. நேரம் எங்கே தொலைகிறது என்பதற்கான விடை, ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ஓட்டுநர் கையில் தரப்படும் சிறு காகிதத்திலேயே பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

அந்த நேரச் சீட்டில் முதலில் இருப்பது, பச்சை விளக்கு எரிந்தபின் கார் நகர எடுத்துக்கொண்ட எதிர்வினை நேரமாகும். இது ஓட்டுநரின் விழிப்பைக் காட்டுமே தவிர, காரின் திறனைக் காட்டாது. ஏனெனில் ஓட்ட நேரத்தைக் கணக்கிடும் கடிகாரம் விளக்கோடு தொடங்குவதில்லை, முன்சக்கரம் தொடக்கக் கோட்டின் ஒளிக்கற்றையை விட்டு விலகும் கணத்தில்தான் தொடங்குகிறது. அதன் கீழே 60 அடி, 330 அடி, 660 அடி, 1,000 அடி ஆகிய இடங்களைக் கடந்த நேரங்களும், இறுதியில் 1,320 அடிக்கான மொத்த நேரமும் வரிசையாக அச்சாகியிருக்கும். 660 அடியிலும் முடிவிலும் வேகமும் குறிக்கப்படுகிறது. முடிவு வேகம் என்பது கடைசி 66 அடியில் அளக்கப்படும் சராசரி வேகமாகும்.

இவற்றுள் மொத்த நேரத்தை மட்டும் பார்ப்பதுதான் பொதுவான பழக்கம். ஆனால் பழுதைத் தேடுபவருக்கு மொத்த நேரமும் முடிவு வேகமும் சேர்ந்தே பொருள் தரும். முடிவு வேகம் எஞ்சினின் ஆற்றலையும் காரின் எடையையும் பெரிதும் சார்ந்திருக்க, மொத்த நேரமோ கார் தொடக்கத்தில் எவ்வளவு உறுதியாகக் கிளம்பியது என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. பந்தய உலகில் நெடுநாளாக வழங்கிவரும் ஒரு கணக்கின்படி, குதிரைத்திறனைப் பவுண்டு எடையால் வகுத்து, அதன் கனமூலத்தை 234-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை மைல் என்று முடிவு வேகம் கிடைக்கும். எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் கனமூலத்தை 5.825-ஆல் பெருக்கினால் ஓட்ட நேரம் வினாடிகளில் கிடைக்கும். ஓட்டுநரோடு சேர்த்து 3,700 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,680 கிலோ எடையுள்ள கார் 325 குதிரைத்திறனைத் தருமானால், அது 104 மைல் வேகத்தில் 13.1 வினாடியில் ஓட வேண்டும்.

இதே எடையுள்ள இரண்டு கார்கள் 14.9 வினாடியில் ஓடுவதாகவும், ஒன்றின் முடிவு வேகம் 91 மைல், மற்றொன்றின் வேகம் 98 மைல் என்றும் வைத்துக்கொள்ளலாம். 91 மைல் என்பது ஏறக்குறைய 218 குதிரைத்திறனுக்கு உரிய வேகம். அந்தத் திறனுக்கு 15 வினாடியை ஒட்டிய நேரமே இயல்பு என்பதால், முதல் கார் தன்னிடம் உள்ள ஆற்றலை முழுவதும் தரையில் இறக்கிவிட்டது, ஆற்றல்தான் போதவில்லை. 98 மைலோ 272 குதிரைத்திறனைக் காட்டுகிறது, அதற்கு 13.9 வினாடி வந்திருக்க வேண்டுமாதலால், இரண்டாம் கார் முழுதாக ஒரு வினாடியை வழியில், பெரும்பாலும் முதல் 60 அடியில், இழந்துவிட்டது. நேரம் ஒன்றாக இருந்தாலும் முன்னதற்கு எஞ்சினையும், பின்னதற்கு எஞ்சினுக்குப் பின்னால் உள்ள பகுதிகளையும் சோதிக்க வேண்டும். இரண்டாம் காருக்குப் புதிய கார்புரேட்டர் வாங்குபவர் குறையைக் கூட்டிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம்.

பழுதைத் தேடும் முன், எதிர்பார்ப்பே சரிதானா என்று பார்த்துக்கொள்வது நியாயம். 1971 வரை அமெரிக்க நிறுவனங்கள் பொதுவாக விளம்பரப்படுத்தியது, காற்று வடிகட்டியும் சைலன்சரும் இல்லாமல் எஞ்சினைத் தனியே ஓட்டி அளந்த மொத்தத் திறனையே ஆகும். காரில் பொருத்தியபடி அளக்கும் நிகரத் திறன் 1972-இல்தான் பொது வழக்காயிற்று. 1971-ஆம் ஆண்டின் கார்வெட்டில் வந்த 454 கன அங்குல எல்.எஸ்.5 எஞ்சினுக்கு மொத்தத் திறன் 365, நிகரத் திறன் 285 என்று குறிக்கப்பட்டிருப்பதைப் பார்த்தால், பழைய விளம்பர எண்ணை அப்படியே கணக்கில் போடுவது எவ்வளவு ஏமாற்றத்தைத் தரும் என்பது விளங்கும். அக்காலப் பத்திரிகைச் சோதனைகளையும் எச்சரிக்கையுடனே கொள்ள வேண்டும். 1964 மார்ச்சில் ‘கார் அண்ட் டிரைவர்’ இதழ், ஜி.டி.ஓ. கால் மைலை 13.1 வினாடியில் 115 மைல் வேகத்தில் கடந்ததாக எழுதியது. 3,700 பவுண்டு எடைக்கு அந்த வேகம் வர 440 குதிரைத்திறன் தேவை, ஆனால் நிறுவனம் அறிவித்த மொத்தத் திறனோ 348 மட்டுமே. அந்தச் சோதனைக் காரில் இருந்தது 421 கன அங்குல எஞ்சின் என்பதை பாண்டியாக்கின் விளம்பரப் பணியில் இருந்த ஜிம் வாங்கர்ஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டார். இந்த எண்ணை இலக்காகக் கொண்டு தன் நல்ல காரைக் குறைசொல்லும் உரிமையாளர், இல்லாத பழுதைத் தேடுகிறார். கடல்மட்டத்திலிருந்து ஏறும் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் எஞ்சின் தோராயமாக நூற்றுக்கு மூன்று பங்கு ஆற்றலை இழப்பதால், ஓடுதளத்தின் உயரத்தையும் அன்றைய வெப்பத்தையும் கழித்துப் பார்த்த பிறகே எண்களை ஒப்பிட வேண்டும்.

வேகம் இருந்தும் நேரம் வராத காருக்கு முதல் ஐயம் டயர் மீது விழ வேண்டும். 60 அடி நேரத்தில் பத்தில் ஒரு வினாடி மிச்சமானால், மொத்த நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு மிச்சமாகும் என்பது ஓட்டுநர்களின் அனுபவக் கணக்கு. தோற்ற உண்மைக்காக அக்கால வடிவிலேயே செய்யப்படும் ஒடுங்கிய டயர்கள், பெரிய எஞ்சினின் திருப்புவிசையைத் தாங்காமல் நின்ற இடத்திலேயே சுழல்கின்றன. புகைந்தபின் தரையில் விழுந்திருக்கும் கறுப்புத் தடம் ஒன்றா, இரண்டா என்று பார்ப்பது செலவில்லாத சோதனையாகும். ஒற்றைத் தடம் இருந்தால், பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியல், பிடிப்பு குறைந்த சக்கரத்துக்கே விசையை விடும் சாதாரண வகையாகவோ, இரு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டும் ‘பாசிட்ராக்‌ஷன்’ போன்ற அமைப்பின் தட்டுகள் தேய்ந்துபோனதாகவோ இருக்கலாம். கமான் பட்டை கொண்ட கார்களில் விசை ஏறும்போது பட்டை எஸ் வடிவில் முறுக்கிக்கொண்டு உடனே விடுபடுவதால், சக்கரம் தரையில் குதிக்கத் தொடங்கும்; கிரைஸ்லர் பொறியாளர்கள் தங்கள் பந்தயக் கார்களுக்குப் பட்டையின் முன்பாதியை விறைப்பாக்கியதும், ஆக்சிலின் மூக்கு மேலெழாதபடி ரப்பர் தடுப்பு வைத்ததும் இந்தக் குதிப்பை அடக்கவே ஆகும்.

டயர் சுழலாமலேயே கார் மந்தமாகக் கிளம்பினால், பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று ஆராய வேண்டும். அதிக நேரம் திறக்கும் கேம்ஷாஃப்ட், குறைந்த சுழற்சியில் எஞ்சினின் இழுவையைக் குறைத்து, உயர்ந்த சுழற்சியில் கூட்டுகிறது; ஆனால் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் கிளட்சின் இடத்தில் எண்ணெயின் சுழற்சியால் விசையைக் கடத்தும் டார்க் கன்வர்ட்டர் தொழிற்சாலையில் வைத்ததாகவே இருந்தால், அது எஞ்சினை 2,000 சுழற்சி அளவிலேயே பிடித்துக்கொள்வதால், இழுவை மிகக் குறைந்த இடத்திலிருந்து கார் கிளம்ப வேண்டியதாகிறது. பின் ஆக்சிலின் பல் விகிதமும் இதைப் போன்றதே: 26 அங்குல உயர டயரோடு மணிக்கு 100 மைல் வேகத்தில் டாப் கியரில் செல்லும்போது, 2.73 விகிதம் எஞ்சினை நிமிடத்துக்கு 3,500 சுழற்சியில் வைக்க, 3.90 விகிதம் 5,000-க்குக் கொண்டுசெல்கிறது. நெடுஞ்சாலைப் பயணத்துக்காக 2.73 விகிதத்தோடு விற்கப்பட்ட காரில், 5,000-க்கு மேல் உயிர்பெறும் கேம்ஷாஃப்டை ஏற்றுபவர் எஞ்சின் நன்றாக இழுக்கும் பகுதியை ஓட்டத்தின் பெரும்பகுதியில் தொடுவதே இல்லை.

முடிவு வேகமே குறைவாக உள்ள காருக்கு, மிக எளியதும் மிகுதியாக மறக்கப்படுவதுமான சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை அணைத்து, காற்று வடிகட்டியைக் கழற்றி, ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஆக்சிலரேட்டரைத் தரைவரை மிதிக்க, மற்றொருவர் கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே உள்ள தகடுகள் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்தே நின்றால், வளைந்த இணைப்புக் கம்பியோ, மிதிக்குக் கீழே மடிந்த தடித்த கம்பளமோ காரின் திறனைத் தின்றுகொண்டிருக்கிறது. நான்கு வாய் கார்புரேட்டர்களில் பின்னிரு வாய்களும் திறக்கின்றனவா என்பது அடுத்த கேள்வி. வெற்றிட விசையால் அவற்றைத் திறக்கும் ஹோலி வகையில், எஞ்சின் நிற்கும்போது மிதித்தாலும் அவை திறக்காது என்பதால், அவற்றைத் திறக்கும் கம்பியில் ஒரு காகிதக் கிளிப்பைச் செருகிவிட்டு ஒருமுறை முழு வேகத்தில் ஓடித் திரும்பி, கிளிப் எவ்வளவு தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்ப்பார்கள்.

பற்றவைப்பு நேரத்தில்தான் பழைய கார்கள் அதிகமாக ஏமாற்றுகின்றன. பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே பிளக்கில் பொறி விழ வேண்டும். அக்கால அமெரிக்க வி-8 எஞ்சின்கள் பலவற்றுக்கு முழு வேகத்தில் இந்த முன்னேற்றம் 34 முதல் 38 பாகை வரை தேவை. சும்மா ஓடும்போது 10 பாகை சரியாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது போதாது, ஏனெனில் மீதியைத் தர வேண்டிய டிஸ்ட்ரிபியூட்டரின் எடைக்கட்டிகள், காய்ந்த கிரீஸில் ஒட்டி அசையாமல் இருக்கக்கூடும். இதைவிட நுட்பமான ஏமாற்று கிராங்க்ஷாஃப்டின் முன் முனையில் உள்ள அதிர்வு தணிக்கும் சக்கரத்தில் இருக்கிறது: அதன் வெளி வளையமும் உள் மையமும் ரப்பரால் இணைந்தவை என்பதால், ரப்பர் இற்றுப்போக வளையம் மெல்ல நகர்ந்து, அதன் மேல் உள்ள குறியே பொய்யாகிவிடுகிறது. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் ஒரு கம்பியைத் திருகி, எஞ்சினைக் கையால் இரு பக்கமும் தடை முட்டும்வரை திருப்பி, இரு இடங்களிலும் அடையாளமிட்டு, அவற்றின் நடுப்புள்ளியைக் கண்டால் அதுவே பிஸ்டனின் உண்மையான உச்சநிலை. அச்சிட்ட குறி அதோடு ஒத்துப்போகாவிட்டால், அதுவரை எடுத்த டைமிங் அளவுகள் அத்தனையும் தவறு.

எஞ்சினுக்குள் அடுத்து ஐயுற வேண்டியது, கேம்ஷாஃப்டின் மேடுகள் தேய்ந்துபோவதாகும். வினையூக்கிக் கருவியைக் காப்பதற்காக இன்றைய சாதாரண எஞ்சின் ஆயில்களில் துத்தநாகச் சேர்மம் குறைக்கப்பட்டுவிட்டதால், அதை நம்பி வடிவமைக்கப்பட்ட தட்டையான டேப்பெட்டுகளும் மேடுகளும் விரைவில் அரைபடலாம். அழுத்தச் சோதனையில் இது எளிதில் சிக்காது. வால்வு ஒழுங்காக மூடிக்கொள்வதால் அழுத்தம் சரியாகவே தெரியும், திறக்கும் அளவு மட்டும் குறைந்திருக்கும் என்பதால், ஒவ்வொரு வால்வின் ஏற்றத்தையும் டயல் கேஜால் தனித்தனியே அளப்பதே வழி. புகைபோக்கும் பாதையில், வெளியே குறையின்றித் தெரியும் இரட்டைச் சுவர்க் குழாயின் உட்சுவர் சரிந்து வழியை அடைத்திருப்பதும் உண்டு.

மூன்றாவதாக, 660 அடிவரை நன்றாக ஓடி அதன்பின் தளரும் கார்கள் இருக்கின்றன. நலமான காரில் முடிவு வேகம், 660 அடியில் பதிவான வேகத்தைப் போல் ஏறக்குறைய ஒன்றே கால் மடங்கு இருக்கும். 77 மைலில் பாதி வழியைக் கடந்த கார் 96 மைலை ஒட்டி முடிக்க வேண்டியிருக்க, 91-இல் முடித்தால் மேல்வேகத்தில் ஏதோ ஒன்று கைவிடுகிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் முதல் சில வினாடிகளுக்குப் போதுமானது. அதன்பின் டேங்கினுள் துருவால் அடைபட்ட வடிகட்டியோ, பம்பின் உறிஞ்சலில் உட்குழிந்து ஒட்டிக்கொள்ளும் பழைய ரப்பர் குழாயோ வரத்தைக் குறைத்தால், நிறுத்தி வைத்துச் சோதிக்கும்போது ஒருபோதும் வெளிப்படாத பஞ்சம் ஓட்டத்தில் மட்டும் உண்டாகிறது. பம்ப் தரும் அழுத்தம் வழக்கமாகச் சதுர அங்குலத்துக்கு 5 முதல் 7 பவுண்டு என்பதால், ஓட்டுநர் பார்க்கும்படி கண்ணாடிக்கு வெளியே ஓர் அளவுமானியைக் கட்டி ஓடினால், முள் எந்த இடத்தில் விழுகிறது என்பது தெரிந்துவிடும். முள் விழாமல் நின்றும் கார் தளருமானால், உயர்ந்த சுழற்சியில் மூடாமல் துள்ளும் பலவீனமான வால்வு ஸ்பிரிங்குகளையும், அதேபோல் துள்ளும் டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்டையும் பார்க்க வேண்டும்.

எந்தத் திருத்தமானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே செய்து, அதே நாளில், எஞ்சின் அதே சூட்டில் இருக்கும்போது, மீண்டும் ஓடிச் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முறை. டைமிங்கை மாற்றியபின் 60 அடி நேரம் அப்படியே இருக்க, முடிவு வேகம் இரண்டு மைல் கூடியிருந்தால், அது எஞ்சின் பெற்ற ஆதாயம். டயர் காற்றைக் குறைத்தபின் வேகம் மாறாமல் 60 அடி நேரம் மட்டும் இறங்கியிருந்தால், அது பிடிப்பால் வந்தது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தவருக்கோ, அடுத்த முறை எதை இன்னும் சற்றுத் தள்ளிப் பார்க்கலாம் என்று சொல்ல அந்தச் சீட்டுக்கு வழியில்லை.