பழைய வெள்ளிப் பாத்திரத்தில் சிங்கம் முத்திரை இருக்கா? உருக்கக் கொடுக்கும் முன் இதைப் பாருங்க!

வெள்ளி விலை ஏறினால் பீரோவில் கிடக்கும் பழைய வெள்ளியெல்லாம் வெளியே வந்துவிடும். கொலுசுத் தொழிலுக்குப் பேர்போன சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கொண்டு போனால், டச் பார்த்து, எடை போட்டுப் பணம் கொடுப்பார்கள். பொருள் உருக்கப்பட்டுவிடும். ஆனால் அது இங்கிலாந்தில் செய்த பழைய வெள்ளியாக இருந்தால்? எப்படிக் கண்டுபிடிப்பது?

இங்கே எப்படி வந்தது?

திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் 1792-ல் சேலம், நாமக்கல் வட்டாரம் கிழக்கிந்திய கம்பெனி வசமானது. கலெக்டர்களும், பிறகு ஏற்காடு காபி தோட்ட முதலாளிகளும் வந்தார்கள். சொந்த நாடு திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டுப் போவது அன்றைய வழக்கம். ஸ்பூன், டீ பாட், தட்டு என்று பலவும் அப்படிக் கைமாறின.

அடிப்பக்கம் என்ன பார்க்கணும்?

* நடக்கும் சிங்கம்: 92.5 சதவீத வெள்ளி
* சிறுத்தை முகம்: லண்டன், நங்கூரம்: பர்மிங்காம்
* ஒற்றை ஆங்கில எழுத்து: தரம் பார்த்த ஆண்டு
* ராஜா அல்லது ராணி தலை: வரி கட்டியதற்கான அடையாளம் (1784 முதல் 1890 வரை)

‘இ.பி.என்.எஸ்.’ என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே. உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை.

குடும்பச் சின்னம் சொல்லும் கதை

நம்ம ஊரில் சீர் பாத்திரத்தில் பேர் வெட்டுவது போல, இங்கிலாந்து பிரபுக்கள் குடும்பச் சின்னத்தை வெட்டினார்கள். பெரிய தட்டில் கேடயத்தோடு முழுச் சின்னம். ஸ்பூனில் மேல் பகுதி மட்டும். கேடயம் இரண்டாகப் பிரிந்திருந்தால், பார்ப்பவருக்கு இடது பக்கம் கணவர் குடும்பம், வலது பக்கம் மனைவி குடும்பம். கேடயத்துக்குப் பதில் சாய்சதுரம் இருந்தால் அது விதவை அல்லது திருமணமாகாத பெண்ணுடையது. மேலே உள்ள கிரீடத்தில் 4 முத்து தெரிந்தால் பாரன், உயரமான 5 முத்து தெரிந்தால் ஏர்ல்.

ஸ்பூனில் உள்ள சின்னத்தை மட்டும் வைத்துக் குடும்பத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரே சின்னத்தைப் பல குடும்பங்கள் பயன்படுத்தின.

சிங்கம் இல்லைன்னா?

உடனே ஒதுக்க வேண்டாம். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த பி.ஆர் அண்ட் சன்ஸ், சாமி உருவங்கள் பொறித்த ‘சுவாமி’ வெள்ளிப் பாத்திரங்களுக்குப் புகழ்பெற்றது. இந்தியாவில் செய்ததால் இவற்றில் இங்கிலாந்து முத்திரை இருக்காது. நிறுவனத்தின் பெயர் இருக்கும்.

என்ன செய்யலாம்?

சாதாரண ஸ்பூனுக்கு எடை விலையை ஒட்டித்தான் கிடைக்கும். 18-ம் நூற்றாண்டுப் பொருள், சின்னம் தெளிவாக உள்ள பெரிய பாத்திரம் போன்றவற்றுக்கு அதைவிடப் பல மடங்கு கிடைக்கலாம். சின்னத்தைச் சுரண்டி எடுத்திருந்தால் அந்த இடம் மெலிந்திருக்கும், மதிப்பும் குறையும். அதனால் அழுத்தித் தேய்த்து பாலிஷ் போடாதீர்கள். முத்திரைகளை போட்டோ எடுத்து, பழம்பொருள் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: 100 ஆண்டு கடந்த கலைப்பொருட்களைத் தனிநபர்கள் வெளிநாட்டுக்கு அனுப்ப, 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தடை உள்ளது. விற்பதானாலும் உள்நாட்டில்தான் விற்க முடியும். உருக்கிவிட்டால் அந்த வாய்ப்பும் போய்விடும். மிஞ்சுவது எடைக்கான பணம் மட்டுமே.