ஒரு சொல் விடுபட்டால் 16 ஆண்டு கூடுதல் சிறை: 'ஏககால' தண்டனையும் கைதிகளின் விடுதலையும்

புதுதில்லி: உத்தரப் பிரதேசத்தில் மின்வாரியப் பொருள்களைத் திருடியதாக ஒருவர் மீது ஒன்பது வழக்குகள் தொடரப்பட்டன. 2020-ஆம் ஆண்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒவ்வொரு வழக்கிலும் 2 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒன்பதையும் ஏககாலத்தில் அனுபவித்தால் 2 ஆண்டு. ஒன்றன்பின் ஒன்றாக அனுபவித்தால் 18 ஆண்டு. இரண்டில் எது என்று தீர்ப்பில் சொல்லப்படவில்லை.

சிறை நிர்வாகம் 18 ஆண்டு என்றே கணக்கிட்டது. அலாகாபாத் உயர் நீதிமன்றமும் தலையிட மறுத்தது. மூன்று ஆண்டுகளைச் சிறையில் கழித்த பிறகு உச்ச நீதிமன்றத்தில்தான் அவருக்கு நிவாரணம் கிடைத்தது. தண்டனைகள் ஏககாலத்தில் அமலாக வேண்டும் என்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி பி.எஸ். நரசிம்மா ஆகியோர் 2022 டிசம்பர் 16-ஆம் தேதி உத்தரவிட்டனர். தனிமனித சுதந்திரம் தொடர்பான எந்த வழக்கும் உச்ச நீதிமன்றத்துக்குச் சிறியதல்ல என்றும் அவர்கள் குறிப்பிட்டனர்.

சட்டம் சொல்வது என்ன?

ஏககாலத் தண்டனை என்பது கைதிக்குத் தானாகக் கிடைக்கும் சலுகை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. சட்டமோ நேர்மாறானது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இதில் இரு சூழல்களைப் பிரித்துக் காட்டியது.

ஒரே விசாரணையில் பல குற்றங்கள் நிரூபணமானால் 31-ஆவது பிரிவு பொருந்தும். ஏற்கெனவே தண்டனை அனுபவித்து வருபவருக்கு வேறொரு வழக்கில் தண்டனை விதிக்கப்பட்டால் 427-ஆவது பிரிவு பொருந்தும். இரண்டிலும், நீதிமன்றம் வெளிப்படையாக உத்தரவிட்டால் ஒழிய, ஒரு தண்டனை முடிந்த பின்னரே அடுத்தது தொடங்கும். ஆயுள் தண்டனைக் கைதிக்குப் பின்னர் விதிக்கப்படும் தண்டனை மட்டும் தானாகவே ஏககாலத்தில் அமலாகும்.

எனவே, தீர்ப்பு மௌனமாக இருந்தால் அதன் சுமை கைதியின் மீதே விழுகிறது. கடத்தல், பாலியல் வன்முறைக் குற்றங்களுக்காக முறையே 5, 7, 10 ஆண்டு தண்டனை பெற்ற இருவரின் வழக்கு 2021-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. விசாரணை நீதிமன்றம் எதையும் குறிப்பிடாததால் அவர்கள் 22 ஆண்டு சிறையில் இருக்க வேண்டியிருந்தது. ஒரே விசாரணையில் அடுத்தடுத்த தண்டனைகளின் மொத்தம் 14 ஆண்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பைச் சுட்டிக்காட்டிய உச்ச நீதிமன்றம், அதற்கேற்பத் தண்டனையைக் குறைத்தது. தண்டனை எவ்வாறு அமலாக வேண்டும் என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுவது நீதிமன்றங்களின் கடமை என்றும் வலியுறுத்தியது.

விடுதலை நாள் கணக்கு

ஏககாலத் தண்டனையில் விடுதலை நாளைத் தீர்மானிப்பது, இருப்பதிலேயே நீண்ட தண்டனைதான். குறுகிய தண்டனைகள் அதற்குள் அடங்கிவிடும். விசாரணைக் கைதியாகக் கழித்த காலத்தைத் தண்டனையில் கழிக்க 428-ஆவது பிரிவு வகை செய்தது. இரு வழக்குகளில் ஒரே நேரத்தில் காவலில் இருந்தவருக்கு இரண்டிலும் அக்காலத்தைக் கழிக்கலாம் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அபராதம் விஷயத்தில் இச்சலுகை இல்லை. அபராதத்தைச் செலுத்தத் தவறியதற்கான சிறைவாசத்தை ஏககாலத்தில் அனுபவிக்க முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. பிரதான தண்டனை முடிந்தும், பணம் கட்ட வழியில்லாத ஏழைக் கைதி சிறையிலேயே இருக்க நேர்வது இதனால்தான்.

மனிதனுக்கு ஓர் ஆயுள்தான்

பல கொலைகளுக்குப் பல ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டால் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக அனுபவிக்க முடியுமா? தமிழகத்திலிருந்து சென்ற முத்துராமலிங்கம் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2016 ஜூலையில் இதற்கு விடையளித்தது. ஆயுள் தண்டனை என்பது வாழ்நாள் முழுமைக்குமானது. எனவே ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்க இயலாது. அவை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருந்தியே அமலாகும் என்றது அமர்வு. ஆனால், ஒரு குற்றத்துக்கான தண்டனையை அரசு குறைத்தாலோ மன்னித்தாலோ, மற்றொன்றுக்கான ஆயுள் தண்டனை அதனால் ரத்தாகிவிடாது. குறிப்பிட்ட காலத் தண்டனையை முதலில் முடித்து, பிறகு ஆயுள் தண்டனையைத் தொடங்குமாறும் நீதிமன்றம் உத்தரவிடலாம்.

2002-இல் நிகழ்ந்து நாடெங்கும் பேசப்பட்ட ஒரு கொலை வழக்கில், தண்டனைக் குறைப்பு இன்றி 20 ஆண்டு சிறையும், சாட்சியத்தை அழித்ததற்கு அதற்குப் பின் 5 ஆண்டும் ஒருவருக்கு விதிக்கப்பட்டன. இரண்டையும் ஏககாலத்தில் அனுபவிக்கலாம் என்று 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மாற்றியது. 20 ஆண்டு முடிந்த பிறகும் தண்டனை மறுஆய்வு வாரியம் அவரை விடுவிக்க மறுத்தது. விதித்த காலம் முடிந்தவருக்கு வாரியத்தின் அனுமதி தேவையில்லை என்று 2025-இல் கூறிய உச்ச நீதிமன்றம், தண்டனை முடிந்தும் சிறையில் இருப்போரைக் கண்டறியுமாறு அனைத்து மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது.

புதிய சட்டத்தில் மாற்றம்

2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, ஒரே விசாரணையில் பல தண்டனைகள் விதிக்கும் நீதிமன்றம் அவை எவ்வாறு அமலாகும் என்பதைக் குற்றத்தின் தீவிரம் கருதி உத்தரவிட வேண்டும் என்கிறது. அதேசமயம் 14 ஆண்டு வரம்பு 20 ஆண்டாக உயர்த்தப்பட்டுள்ளது.

தனித்தனி வழக்குகளுக்கான விதி 467-ஆவது பிரிவில் பழையபடியே தொடர்கிறது. நீதிபதி குறிப்பிடாவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாகவே தண்டனை அமலாகும். விசாரணையிலும் மேல்முறையீட்டிலும் எழுப்பாத இக்கோரிக்கையை, உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை நாடிப் பின்னர் எழுப்ப முடியாது என்று 2007-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறியதும் உண்டு.

ஆகவே, தண்டனை அறிவிக்கப்படும் நாளிலேயே 'ஏககாலத்தில்' என்ற சொல்லைக் கேட்டுப் பெறுவது வழக்கறிஞரின் பொறுப்பாகிறது. பல வழக்குகளைச் சுமக்கும் ஏழைக் கைதிக்கு அதை நினைவூட்ட, பெரும்பாலும் இலவச சட்ட உதவி வழக்கறிஞரைத் தவிர வேறு யாரும் இருப்பதில்லை.