இரத்தத்துக்குள் ஓர் இரைச்சல்

“ஈ.எஸ்.ஆர். கூடுதலாம். உடம்பில் எங்கோ அழற்சி என்கிறார் டாக்டர். எதனால் என்று இரத்தமே சொல்லிவிடாதா?” என்று கேட்டு எழுதியிருக்கிறார் எங்கள் வேங்கிக்கால் வாசகர் ஒருவர்.

ஓரளவு சொல்லும். ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ஆகிய இரு இரத்தப் பரிசோதனைகளும் அழற்சி உண்டு என்பதோடு நின்றுவிடும். எந்தெந்த மரபணு மும்முரமாக வேலை செய்கிறது என்று பார்க்க ஆர்.என்.ஏ. வரிசையறிதல் வேண்டும். வேலையில் இறங்கிய மரபணு, செய்தி ஆர்.என்.ஏ. எனும் நகல்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். இயந்திரம் அவற்றை எழுத்தெழுத்தாகப் படித்து, எது எத்தனை என்று எண்ணிவிடும். (பக்கத்து லேபில் கேட்காதீர்கள், பெரும்பாலும் இது இன்னும் ஆய்வுக்கூடத்து வேலைதான்.)

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை சிவப்பணு. முதிர்ந்த சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் புது ஆர்.என்.ஏ.வும் செய்யாது. ஆனால் எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும் இளம் சிவப்பணு, ஹீமோகுளோபின் செய்வதற்கான குளோபின் ஆர்.என்.ஏ.வை மூட்டை கட்டிக்கொண்டு வருகிறது. இரத்தத்திலுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்கக்கூடும். நோயோடு மல்லுக்கட்டும் வெள்ளணுவின் செய்தி அதில் அமுங்கிப்போகிறது. பௌர்ணமி கிரிவலத்தில், காணாமல்போன குழந்தையைப் பற்றிய போலீஸ் அறிவிப்பைக் கடைகளின் ஒலிபெருக்கிகள் விழுங்கிவிடுமே, அதே கதை. அதனால் குளோபின் ஆர்.என்.ஏ.வோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் துணுக்குகளைக் கலந்து, காந்த மணிகளால் அதை வெளியே இழுத்துவிட்டு மிச்சத்தைப் படிக்கிறார்கள்.

வேங்கிக்காலிலிருந்து செஞ்சி, திண்டிவனம் தாண்டினால் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை. அங்கே காசநோயாளிகளின் வீட்டாரிடம் எடுத்த இரத்தத்தை இப்படி வரிசையறிந்து, அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து 2022இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நோயாளியோடு ஒரே கூரையின்கீழ் இருப்பவர்கள், இன்னும் நோய் வராதவர்கள். அவர்களில் சத்துக்குறைவால் மெலிந்தவர்களிடம் அழற்சி மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. பின்னாளில் காசநோய் வரும் அபாயத்தைக் காட்டும் மரபணுத் தடங்களும் அவர்களிடம்தான் தூக்கலாக இருந்தன.

இத்தனை விலையுயர்ந்த இயந்திரம் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது, சோறு போதவில்லை என்று! காசநோயாளிகளின் உணவுக்கென மத்திய அரசின் நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் தருகிறார்கள். அது நோயாளியின் கணக்குக்கு. அதே பானையில் சாப்பிடும் மற்றவர்கள்? சென்னையிலுள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. வீட்டாருக்கும் உணவு கொடுத்ததில் அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்தது. பெரியவர் ஒருவருக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ துவரம்பருப்பு, கூடவே சத்து மாத்திரை, அவ்வளவுதான். நம் ரேஷன் கடையில் அரிசிக்குப் பஞ்சமில்லை. பருப்புதான் மொத்தக் குடும்ப அட்டைக்கும் 1 கிலோ.