தொண்டுப்பட்டியும் தெருநாயும்

பயிரை மேய்ந்த மாட்டை அடைக்கும் இடம் தொண்டுப்பட்டி. 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழு நாட்களில் உரியவர் வராவிட்டால் தண்டோரா போட வேண்டும். மேலும் ஏழு நாள் பார்த்து ஏலம் விடலாம். அபராதமும் தீவனச் செலவும் கட்டி மீட்டவர் அடுத்த முறை மாட்டைக் கட்டிவைப்பார் அல்லவா?

தெருநாய்க்கோ உரியவரும் இல்லை, ஏலம் கேட்பாரும் இல்லை. ஆகவே நகரங்கள் பிடித்துக் கொன்றன. சென்னையும் 1990-களின் நடுப்பகுதி வரை அப்படித்தான் செய்தது. நாய்கள் குறைந்தனவா? இல்லை. ஒரு தெருவில் எத்தனை நாய் என்பதைப் பெரும்பாலும் அங்குள்ள எச்சில் உணவே தீர்மானிக்கிறது. குளத்தில் ஒரு குடம் மொண்டால் சுற்றியுள்ள நீர் உடனே பாய்ந்து நிரப்புகிறது. காலியான தெருவுக்கும் அயல் நாய்கள் அப்படித்தான் வருகின்றன. அவை தடுப்பூசி போடாதவையாக இருந்தால் வெறிநோயும் கூடவே வரும்.

ஆகவேதான் 2001, 2023-ஆம் ஆண்டு விதிகள், பிடித்த நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து, பொதுவாக அதே தெருவில் விடச் சொல்கின்றன. காதிலுள்ள சிறு வெட்டு அதற்கு அடையாளம்.