காமிராவில் குறையா, கணக்கில் குறையா?

திருச்சியிலிருந்து காவிரிப் பாலம் கடந்து, புதுக் காமிராவுடன் ஸ்ரீரங்கம் சென்று வந்த மாணவர் ஒருவர் இரண்டு படங்களைக் காட்டினார். நண்பகல் வெயிலில் எடுத்த இராஜகோபுரம் தெளிவாக விழுந்திருந்தது. மண்டபத்து நிழலில் தூணருகே அமர்ந்திருந்த பாட்டியின் முகமோ கலங்கியிருந்தது. "காமிராவில் குறை இருக்குமோ, சார்?" என்றார். குறை காமிராவில் இல்லை. ஒளிக் கணக்கில் இருந்தது.

குழாயடியில் குடம் நிரப்புவதை எண்ணிப் பாருங்கள். குழாய் அகலமானால் குடம் விரைவில் நிரம்பும், குறுகினால் நேரமாகும். காமிராவில் குழாயின் அகலம் போன்றது லென்ஸின் துவாரம். குழாய் திறந்திருக்கும் நேரம் போன்றது ஷட்டர் வேகம். மூன்றாவது ஐ.எஸ்.ஓ. எண். இதை உயர்த்தினால் குறைந்த ஒளியிலும் படம் பொலிவாகத் தெரியும். ஆனால் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

லென்ஸின் குவியத் தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது எஃப் எண். ஆகவே எண் சிறிதானால் துவாரம் பெரிது. நல்ல வெயிலுக்கு எளிய விதி ஒன்று உண்டு: எஃப் 16, ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் 1/100 விநாடி. கோபுரத்துக்கு இது போதும்.

மண்டபத்தில் நிலைமை வேறு. மாணவரின் ஸூம் லென்ஸ் 35 மி.மீ. குவியத் தூரத்தில் எஃப் 5-க்கு மேல் திறக்காது. துவாரத்தின் விட்டம் 7 மி.மீ. காமிரா தானாகவே ஷட்டரை 1/8 விநாடி திறந்து வைத்தது. அதற்குள் கை நடுங்கியது, பாட்டியும் தலையசைத்தார்.

குவியத் தூரம் மாறாத லென்ஸைப் பிரைம் லென்ஸ் என்பர். ஸூமைவிட அமைப்பு எளிது என்பதால், அதிக விலையின்றியே பெரிய துவாரத்துடன் கிடைக்கிறது. 35 மி.மீ., எஃப் 1.8 லென்ஸில் துவார விட்டம் 19 மி.மீ.க்குச் சற்று அதிகம். ஒளி விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே ஏறத்தாழ 8 மடங்கு ஒளி நுழையும். 1/8 விநாடி 1/60 ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ.வை 8 மடங்கு உயர்த்தியும் இவ்வேகத்தைப் பெறலாம்; ஆனால் புள்ளிகள் மிகும்.

இந்த லாபத்துக்கு விலையும் உண்டு. எஃப் 1.8-ல் 3 மீட்டர் தொலைவிலுள்ள முகத்தைக் குவித்தால், முன்னும் பின்னுமாகச் சுமார் அரை மீட்டர்தான் தெளிவாக இருக்கும். பின்வரிசைத் தூண்கள் மங்கிவிடும். மேலும், 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட சுமார் 72 மீட்டர் உயர இராஜகோபுரம் முழுவதும் படத்தில் அடங்க வேண்டுமானால், காமிராவை நிமிர்த்திச் சாய்த்துப் பிடித்தாலும் ஏறத்தாழ 100 மீட்டர் பின்செல்ல வேண்டும். 18 மி.மீ. நிலைக்கு 35 மீட்டரே போதும்.

ஆகவே முதல் பிரைம் லென்ஸை வாங்குமுன் காமிராவின் உணரியை அளந்தறியுங்கள். 24 × 16 மி.மீ. அளவாயின் 35 மி.மீ. லென்ஸும், 36 × 24 மி.மீ. அளவாயின் 50 மி.மீ. லென்ஸும் பொருந்தும். கோபுரத்துக்குப் பழைய ஸூம் இருக்கட்டும். பாட்டியின் முகத்துக்குப் பெரிய துவாரம் வேண்டும்.