விதை நோவும் நாரி நோவும்

உடையார்கட்டு, விசுவமடு, சுதந்திரபுரம் முதலிய ஊர்களிலிருந்து நாரி நோவென்று என்னிடம் மருந்துக்கு வரும் ஆண்களிற் பலர், வயலையும் மழையையும் பற்றிப் பேசி, மருந்துத் துண்டையும் வாங்கிக்கொண்டு எழுந்த பின்னரே, விதையிலும் மாதக்கணக்காக நோவு இருப்பதைத் தாழ்ந்த குரலிற் சொல்லுகிறார்கள். இரண்டும் வெவ்வேறு உபாதைகள் என்பது அவர்கள் எண்ணம். அநேக சமயங்களில் அவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே.

சூடு என்னும் சமாதானம்

கோடையில் லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் நாள் முழுதும் இருந்தவனுக்கு விதை நொந்தால், ‘சூடு’ என்ற ஒரு சொல்லோடு விசாரணை முடிந்துவிடுகிறது. தலைக்கு நல்லெண்ணெயும், அடிவயிற்றுக்கு ஆமணக்கெண்ணெயும், குடிக்க நன்னாரியுமாக வாரங்கள் கழிகின்றன. வெயிலில் நீர் குடியாமல் உழைப்பது சிறுநீர்க் கல் உண்டாக ஏதுவாகும் என்பது மெய்யே. ஆயினும் எண்ணெய் அக்கல்லைக் கரைக்காது. விலாவின் கீழே முதுகில் தொடங்கும் கல்லின் நோவு விதைவரை இறங்கும். விதையைத் தொட்டுப் பார்த்தாலோ குற்றம் ஏதும் தென்படாது. சிறுநீர் எரியாதபடியால் கல்லில்லை என்று வாதிப்போர், நோவோடு காய்ச்சலும் நடுக்கமும் கண்ட பின்பு வந்து சேருகிறார்கள். அடைபட்ட சிறுநீரகத்தில் கிருமி புகுந்த அந்நிலை உயிருக்கே ஆபத்தானது.

தவறான வழியில் நடந்தவனுக்கே விதை நோகும் என்ற எண்ணம் இன்னும் கொடியது. பாலுறவினால் தொற்றும் கிருமிகள் விதையை வீங்கச் செய்வதுண்டு. ஆனால் மூத்திரம் தடைப்படும் முதியவருக்குச் சாதாரணச் சிறுநீர்க் கிருமியே அவ்வீக்கத்தைத் தரும். சுய இன்பத்தால் நரம்பு தளர்ந்ததென்று நம்பி லேகியம் தின்னும் வாலிபர்களுக்குச் சொல்லுகிறேன்: அது வீண் பயம், உங்கள் பணத்தையும் நிம்மதியையும் லேகிய விளம்பரங்களுக்குப் பறிகொடாதீர்கள்.

காய்ச்சாத பாலே பலம் என்பது மாட்டுப்பட்டி வைத்திருப்போரின் நம்பிக்கை. கன்று வீசிய பசுவின் நஞ்சுக்கொடியை வெறுங்கையால் அகற்றுவதாலும், பச்சைப் பாலைப் பருகுவதாலும் தொற்றும் புருசெல்லா என்னும் கிருமி, விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும், நாரி நோவையும், விதை வீக்கத்தையும் ஒருங்கே உண்டாக்க வல்லது. வாரக்கணக்கில் மருந்துண்டாலன்றித் தீராது. பாலைக் காய்ச்சிக் குடித்தால் பலம் எங்கும் போய்விடாது.

குளிசைக் கடை

காரணம் அறியாமல் டைக்ளோபினாக் என்னும் நோவுக் குளிசையை நாளாந்த ஆகாரம்போல் விழுங்குகிறவர்களைக் காணும்போது பொறுமை காப்பது கடினமாயிருக்கிறது. காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களிலும் காணப்படும் இக்காலத்தில், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய குளிசையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குவது என்ன துணிவு! வலியை அது மறைக்கும். வியாதி உள்ளே வளரும்.

சரீரத்தில் தங்கிய இரும்பு

போர்க்காலத்தில், 2009 ஜனவரியில் பாதுகாப்பு வலயமென்று அறிவிக்கப்பட்ட உடையார்கட்டு, சுதந்திரபுரம் பகுதியிலேயே செல் வீச்சில் காயப்பட்டு, துண்டுகளை உடம்பிற் சுமந்து வாழ்பவர்கள் நம்மிடையே அநேகர். முள்ளந்தண்டை அண்டிய துண்டோ, விலகிய முள்ளந்தட்டோ, முள்ளந்தண்டில் பற்றிய காசநோயோ நரம்பு வேரை உறுத்துமாயின், விதையில் நோயேதும் இன்றியே அங்கே நோவு தோன்றக்கூடும். சிறுநீர், இரத்தம், ஸ்கான் ஆகியன முதற் பரிசோதனைகள். எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் உடம்பில் ‘பீஸ்’ எனப்படும் செல் துண்டு இருப்பதைத் தயவுசெய்து சொல்லுங்கள். காந்த விசையால் அது அசையக்கூடும்.

நோவில்லாத கட்டி

15 முதல் 40 வயதுக்குட்பட்டோரின் விதையில் தோன்றும் புற்றுநோய், பெரும்பாலும் நோவற்ற கட்டியாகவே தொடங்கும். வயிற்றின் பின்புறத்து நிணக்கணுக்களுக்குப் பரவியபின் முதுகு நோவாகத் தெரியவரும். அந்நிலையிலும் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்க வியாதி இது. குளிக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் அந்த வாரமே வாருங்கள்.

ஆறு மணி நேரம்

பெற்றோரை மன்றாடிக் கேட்கிறேன். பள்ளிப் பருவத்துப் பிள்ளைக்குத் திடீரென ஒரு விதை நொந்து வாந்தியும் வந்தால், அது முறுக்குண்டு இரத்த ஓட்டம் தடைப்பட்டதாயிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை நடந்தால் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். வெட்கத்தால் அடிவயிறு நோகிறதென்றே பிள்ளை சொல்லும். ஆகையால் விதையைப் பற்றி நீங்களே கேளுங்கள். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், விடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நடுச்சாமமானாலும் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசமாகவே வரும்.