காமாலை பச்சையாகவும் வரும்!

எங்கள் வீட்டு மணியை உங்களில் பல பேர் பார்த்திருப்பீர்கள். சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் பொட்டு வைத்த மாதிரி ஆரஞ்சு வட்டம். இனத்தின் பெயர் காக்கட்டீல். கடையில் "காக்டெயில்" என்றுதான் சொல்கிறார்கள்! சொந்த ஊர் ஆஸ்திரேலியா. நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி குற்றம். அதனால் சித்தப்பா எனக்கு இதை வாங்கிக் கொடுத்தார்.

போன ஐப்பசி மழையில் மணி விசிலடிப்பதை நிறுத்திவிட்டது. இறகை உப்பிக்கொண்டு ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது. "அதுக்குக் குளிருதுடி" என்றார் அப்பாயி. மூக்கு வேறு கொக்கி மாதிரி நீளமாக வளர்ந்திருந்தது. நான் அதை அழகு என்று நினைத்திருந்தேன்!

ஒரத்தநாட்டில் 2012-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதல்லவா, அப்பா அங்கே கூட்டிப்போனார். டாக்டர் மணியைத் தொடுவதற்கு முன்னாலேயே கேட்டார், "என்ன சாப்பிடுது?" நான் பெருமையாக, "சூரியகாந்தி விதை மட்டும்தான் சார், வேற எதையும் தொடாது" என்றேன். அவர் அப்பாவைப் பார்த்தார். கூண்டுக்கு அடியில் விரித்த பேப்பரைக் காட்டச் சொன்னார்.

பறவை எச்சத்தில் கெட்டியாக ஒரு பகுதி, சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒரு பகுதி, கொஞ்சம் தண்ணீர் என்று மூன்று உண்டு. கெட்டிப் பகுதி பச்சையாக இருந்தால் பயமில்லை. வெள்ளை இருக்க வேண்டிய இடமே பச்சையாக இருந்தால் கல்லீரலைச் சந்தேகப்பட வேண்டும். மணிக்கு அப்படித்தான் இருந்தது.

நமக்குக் காமாலை வந்தால் கண் மஞ்சளாகிறது, பறவைக்கு மட்டும் ஏன் பச்சை? பழைய ரத்த அணுக்கள் உடையும்போது முதலில் பிலிவெர்டின் என்ற பச்சை நிறப்பொருள் உண்டாகும். நம் உடம்பு அதை பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாக மாற்றிவிடும். கீழே விழுந்து கன்றிப்போன இடம் முதலில் பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் தெரிவது இதனால்தான். பறவைகளுக்கு அப்படி மாற்றும் நொதி போதாது. பித்தம் பச்சையாகவே நின்றுவிடுகிறது.

சரி, கல்லீரல் ஏன் கெட்டது? சூரியகாந்திப் பருப்பில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். காட்டில் இந்தப் பறவை தரையில் புல்விதை பொறுக்கித் தின்றுவிட்டு மைல் கணக்கில் பறக்கும். மணி பறப்பது குச்சியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு! செலவாகாத கொழுப்பு கல்லீரலில் சேர்கிறது. அறுவடை மூட்டையை அடுப்படி வரை அடுக்கினால் சமைக்க இடம் இருக்காதே, அது மாதிரி.

டாக்டர் விதை டப்பாவையும் மோந்து பார்த்தார். பூசணம் வாடை. நம்ம ஊர் அடைமழையில் எதுதான் நமுத்துப் போகாது? ஆனால் பூசணத்தில் ஒரு வகை அஃப்ளடாக்சின் என்ற விஷத்தை உண்டாக்கும். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்துப் போயின. காரணம், தீவனத்தில் கலந்த பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. அப்போதுதான் இந்த விஷத்தையே கண்டுபிடித்தார்கள். வெயிலில் காய வைத்தாலும் வேக வைத்தாலும் இது முழுசாகப் போகாது. மாடு தின்றால் பாலிலும் வரும். இதைக் கேட்டதும் அப்பா வீட்டுக்கு வந்து முதலில் எங்கள் புண்ணாக்கு மூட்டையைத்தான் பிரித்துப் பார்த்தார்!

மணிக்குக் கொழுப்பால் வந்ததா, பூசணத்தால் வந்ததா? இரண்டும் சேர்ந்தே இருக்கலாம் என்றார் டாக்டர். அப்பாயி சொன்ன கீழாநெல்லியைக் கொடுக்கலாமா என்று கேட்டேன். "நூறு கிராம் உடம்புக்கு எத்தனை சொட்டு கொடுப்பே?" என்றார். நான் வாயே திறக்கவில்லை.

அன்றைக்கே சூரியகாந்தி விதையை நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். கூடவே கூடாதாம். தெரியாத தீனியை இது தின்னாமல் பட்டினி கிடக்கும், பட்டினியால் கல்லீரல் இன்னும் மோசமாகும். அதனால் தினையையும் கம்பையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, சூரியகாந்தியைக் குறைத்தோம். முளைகட்டின பாசிப்பயறு, துருவின கேரட், எங்கள் கொல்லை முருங்கைக்கீரை. வரப்புக் கீரை வேண்டாம், வயலில் மருந்து அடிக்கிறார்கள். தினமும் காலையில் மளிகைக்கடைத் தராசில் எடை போட்டேன். சாதாரணமாக 80 முதல் 100 கிராம் இருக்க வேண்டிய பறவை, 121 கிராம் இருந்தது!

முருங்கைக்கீரையை 22 நாள் தொடவே இல்லை. நான் கூண்டு முன்னால் உட்கார்ந்து பச்சைக் கீரையை மென்று காட்டினேன். தம்பி சிரித்த சிரிப்பு இருக்கிறதே! 23-ஆம் நாள் ஒரு இலையைக் கிழித்துக் கீழே போட்டது. அதற்கு மறுநாள் தின்றது.

இன்று காலை எடை 108 கிராம். மூக்கு இன்னும் நீளம்தான், ஆனால் பேப்பரில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. சூரியகாந்தி விதை ஒரு நாளைக்கு நாலே நாலு. அதுவும் என் விரலில் ஏறி உட்கார்ந்தால்தான்.